ஒரே சி நிரல், மூன்று இயங்குதளங்கள்

நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் மாணவர் ஒருவர், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் பென்டிரைவுடன் நமது கணினி அறைக்கு வந்தார். வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் ஓடிய அவரது சி நிரல், லினக்ஸ் நிறுவப்பட்ட நமது கணினியில் திறக்கவே இல்லை. பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

தவறு நிரலில் இல்லை. அவர் கொண்டு வந்தது எக்ஸ்இ கோப்பை மட்டுமே. மூலக் கோப்பு வீட்டிலேயே இருந்தது. அதை எடுத்துவர அவர் மறுபடியும் பேருந்து ஏற வேண்டியதாயிற்று. மற்ற மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதைச் சற்று விளக்குகிறோம்.

நாம் எழுதும் '.சி' கோப்பே மூல நிரல். கம்பைலர் அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிறது. அப்படிக் கிடைக்கும் கோப்பு அந்தந்த இயங்குதளத்துக்கு மட்டுமே உரியது. எனவே இடம் மாறும்போது மூலக் கோப்பைக் கொண்டு சென்று, அங்கே மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, ஜிசிசி என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைத் தந்தால் 'ஏ.அவுட்' என்ற கோப்பு உருவாகும். அதன் பெயருக்கு முன் ./ சேர்த்துத் தட்டினால் நிரல் ஓடும். ஆப்பிள் மேக்கிலும் இதே முறைதான். எக்ஸ்கோடின் கட்டளைக் கருவிகளை மட்டும் முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். விண்டோஸுடன் கம்பைலர் வருவதில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் மின்ஜிடபிள்யூவை நிறுவினால் அங்கும் ஜிசிசி கிடைக்கும். உருவாகும் கோப்பின் பெயர் 'ஏ.எக்ஸ்இ'.

மீண்டும் கம்பைல் செய்யும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, பழைய டர்போ சி-யில் பழகியவர்கள் எழுதும் 'கோனியோ.ஹெச்', 'கிளியர்ஸ்கிரீன்' போன்றவை சி மொழியின் தரத்தில் இல்லாதவை. லினக்ஸிலும் மேக்கிலும் பிழை காட்டும். அவற்றை நீக்கிவிடலாம்.

மற்றொன்று, எண்களின் அளவு. டர்போ சி-யில் 'இன்ட்' 2 பைட்தான். 32767-க்கு மேல் கொள்ளாது. 8-இன் தொடர்பெருக்கம் 40320. அங்கே விடை -25216 என்று வரும். இன்றைய ஜிசிசியில் 'இன்ட்' 4 பைட் என்பதால் சரியாக வரும். 'லாங்' 64 பிட் லினக்ஸில் 8 பைட். விண்டோஸில் 4 பைட்தான். அதனால் 13-இன் தொடர்பெருக்கம் லினக்ஸில் 6227020800 என்று சரியாகவும், விண்டோஸில் 1932053504 என்று தவறாகவும் வரும். பிழைச் செய்தி எதுவும் வராததால் மாணவர் ஏமாந்துவிடுவார். பெரிய எண்களுக்கு 'லாங் லாங்' என்று எழுதினால் மூன்றிலும் ஒரே விடை கிடைக்கும்.

பெற்றோர்கள் கவனத்திற்கு: சி பயில விலையுயர்ந்த கணினி தேவையில்லை. லினக்ஸ் நிறுவிய பழைய கணினியே போதும். வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகளை நமது கணினி அறைக்கு அனுப்பி வையுங்கள். வரும்போது மூலக் கோப்பை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.