புது வலைப்பூவுக்கு வெப் ஹோஸ்டிங்: எதைப் பார்த்து வாங்குவது?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. தமிழில் டைப் செய்யவும் பழகிவிட்டீர்கள். அடுத்து உங்கள் பெயரில் ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்ற ஆசை வந்திருக்கும். அப்போதுதான் "வெப் ஹோஸ்டிங்" என்ற சொல் குறுக்கே வரும். விளம்பரங்களைப் பார்த்தால் ஒன்றைவிட ஒன்று மலிவு. எல்லாவற்றிலும் "அன்லிமிடெட்" என்று போட்டிருப்பார்கள். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

ஹோஸ்டிங் வேறு, டொமைன் வேறு

நீங்கள் எழுதியதை மற்றவர்கள் எந்நேரமும் படிக்க வேண்டும் என்றால், 24 மணி நேரமும் இணையத்துடன் இணைந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் அது இருக்க வேண்டும். இதைத்தான் சர்வர் என்கிறோம். சர்வரில் உங்களுக்கு வாடகைக்கு இடம் தருவதே ஹோஸ்டிங் சேவை. வாசகர்கள் டைப் செய்து வரும் முகவரி டொமைன் நேம்.

இரண்டையும் ஒரே நிறுவனம் விற்பதால் பலர் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். ஹோஸ்டிங் என்பது வாடகை வீடு. டொமைன் நேம் என்பது உங்கள் செல்போன் எண். வீடு மாறினாலும் எண் உங்களிடமே இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மிகவும் உதவும்.

எவ்வளவு இடம் தேவை?

எனக்குச் சொந்த ஊர் வைகை அணைக்குப் பக்கம். ஊர்த் தம்பி ஒருவர் அணையின் நீர்மட்டம், பூங்கா, கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்க வேண்டிய இடங்கள் பற்றி எழுத விரும்பினார். "அண்ணே, அன்லிமிடெட்னு போட்டிருக்கு, வாங்கிரவா?" என்று கேட்டார். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் இந்த மாதிரிக் கேள்வி என்னிடம்தான் வரும். முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

யூனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். 5,000 குறியீடுகள் கொண்ட கட்டுரைக்கு 15 கே.பி. போதும். வருடத்துக்கு 100 கட்டுரை எழுதினாலும் 1.5 எம்.பி. தான். கட்டுரைக்கு 2 படம், படம் ஒன்று 200 கே.பி. என்றால் 40 எம்.பி. ஆகிறது. செல்போனில் எடுத்த 4 எம்.பி. படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றினால் அதே 200 படம் 800 எம்.பி. ஆகிவிடும். எனவே படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். அப்படிச் செய்தால் 1 ஜி.பி. இடம் பல வருடங்களுக்கு வரும்.

அடுத்து பேண்ட்வித். ஒரு பக்கம் 500 கே.பி., தினமும் 200 பேர் ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கிறார்கள் என்றால் மாதத்துக்கு 3 ஜி.பி. ஆகும். சாதாரணத் திட்டங்களே இதைவிட அதிகம் தருகின்றன.

"அன்லிமிடெட்" எங்கே முடிகிறது?

வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை வரும். அன்றைக்கு தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டத்தாரும் நீர்மட்டத்தைத் தேடுவார்கள். வழக்கமாக 200 பேர் வரும் வலைப்பூவுக்கு ஒரே நாளில் 5,000 பேர் வரலாம்.

பேண்ட்வித் கணக்கில் இது 2.5 ஜி.பி. தான். ஆனால் மலிவான "ஷேர்டு ஹோஸ்டிங்" என்பது ஒரே வீட்டில் பல குடித்தனம் இருப்பது போன்றது. ஒரே சர்வரின் பிராசஸரையும் மெமரியையும் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு தளத்துக்குள்ள அளவைத் தாண்டினால் உங்கள் பக்கத்துக்குப் பதில் பிழைச் செய்திதான் தெரியும். ஆகவே பிராசஸர், மெமரி, ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள், மொத்தம் எத்தனை ஃபைல்கள் என்ற வரம்புகளைக் கேளுங்கள். விளம்பரத்தில் இவை இருக்காது. நிபந்தனைகள் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். வேர்ட்பிரஸ் பயன்படுத்தினால் "கேஷ்" ப்ளக்-இன் ஒன்றைச் சேருங்கள். பக்கத்தை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே தருவதால் சர்வரின் சுமை வெகுவாகக் குறையும்.

வெளியேற வழி இருக்கிறதா?

இடமும் வேகமும் முக்கியம்தான். அவற்றைவிட முக்கியமானது, நாளை அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தால் எழுதியதையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பது. இது வீண் பயம் இல்லை. நடந்தவற்றைப் பாருங்கள்.

இலவச இடம் கொடுத்துவந்த யாஹூ ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. வேறிடத்தில் பிரதி வைக்காதவர்களின் பக்கங்கள் போயின. ஆர்வலர்கள் காப்பாற்றியது ஒரு பகுதியைத்தான்.

2006 ஜூலையில் சில தளங்களை மட்டும் தடுக்க அரசு உத்தரவிட்டபோது, பல இணைய நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் முழுவதையுமே தடுத்துவிட்டன. சம்பந்தமே இல்லாத வலைப்பூக்களும் சில நாட்கள் திறக்கவில்லை.

2012 முதல் சில வருடங்கள் இந்திய வாசகர்களை கூகுள் நிறுவனம் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டது. 2020-ல் அந்த முகவரி வேறொருவர் கைக்குப் போனது. அந்த முகவரியில் கொடுத்திருந்த பழைய இணைப்புகள் வேலை செய்யவில்லை. கட்டுரைகள் பத்திரமாக இருந்தும், அந்த வழியாக வந்தவர்களால் படிக்க முடியவில்லை.

கட்டணம் கட்டியவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்தது. வேறிடத்தில் பேக்கப் வைக்காதவர்கள் பலர் தங்கள் தகவல்களை இழந்தார்கள்.

இலவசமா, கட்டணமா?

புதியவர்கள் இலவசமான பிளாக்கரில் தொடங்குவதில் தவறே இல்லை. டொமைன் நேம் மட்டும் பணம் கொடுத்து வாங்கி அதில் இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு சேவைக்கு மாறினாலும் உங்கள் முகவரி மாறாது. பிளாக்கரின் செட்டிங்ஸ் பகுதியில் கட்டுரைகளை பேக்கப் எடுக்கும் வசதி உண்டு. அதில் படங்கள் சேராது என்பதால் படங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் சேமித்து வையுங்கள்.

பணம் கட்டும் முன்

1. டொமைன் நேம் உங்கள் பெயரிலும் உங்கள் இமெயிலிலும் பதிவாகட்டும். தளம் அமைத்துக் கொடுப்பவர் பெயரில் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இப்படி விட்டுவிட்டார். புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அமைத்துக் கொடுத்தவர் எங்கே என்றே தெரியவில்லை. முகவரி போயே போய்விட்டது.

2. வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் "ஆத் கோட்" கேட்டால் தருவார்களா என்று முன்பே விசாரியுங்கள்.

3. புதுப்பிக்கும்போது கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் வருடம் மாதம் 100 ரூபாய், அதன் பிறகு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 9,600 ரூபாய். ஒரே சீராக 200 ரூபாய் கேட்பவரிடம் 7,200 ரூபாய்தான்.

4. சர்வர் எங்கே இருக்கிறது? உங்கள் வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் சென்னை அல்லது மும்பையில் உள்ள சர்வர் அமெரிக்க சர்வரைவிடச் சீக்கிரம் பதில் தரும்.

5. ஓர் இரவு நேரத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள். பணம் வாங்கும் முன்பே பதில் தராதவர், வாங்கிய பிறகு தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹோஸ்டிங் எடுத்த பிறகும் மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். "பேக்கப் நாங்களே எடுக்கிறோம்" என்று அவர்கள் சொன்னாலும் விட்டுவிட வேண்டாம். முதல் பேக்கப்பை எடுத்ததும் புதிதாக ஒரு சோதனை வலைப்பூ திறந்து அதில் ஏற்றிப் பாருங்கள். எழுதியதெல்லாம் அங்கே சரியாக வந்துவிட்டால், இனி தைரியமாக எழுதிக்கொண்டே போகலாம்.