பகலில் பதக்கப் போட்டி... இரவில் தூக்கத்தோடு போட்டி! பாரா விளையாட்டு வீரர்களின் இன்னொரு களம்

2024 செப்டம்பர் 2. பாரிஸ் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ரக்பி இறுதிப்போட்டி. நாற்காலிகள் டமார் டமாரென்று மோதிக்கொள்ள, அமெரிக்காவை 48-41 என வீழ்த்தி முதல்முறையாகத் தங்கம் வென்றது ஜப்பான்.

இந்த விளையாட்டை ஆடுபவர்களில் பலர், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்கள். பகலில் அவர்கள் ஆடுவதை உலகமே பார்க்கிறது. தூங்குவதற்காக இரவில் அவர்கள் படும் பாடு யாருக்கும் தெரிவதில்லை.

தூக்கத்துக்கும் பதக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, சில வாரங்களுக்கு தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். ஓட்டத்தில் வேகம் கூடியது. ஃப்ரீ த்ரோவில் குறி தவறாமல் விழுவது 9 சதவிகிதம் அதிகரித்தது. 2011-ல் வெளியான ஆய்வு இது.

அப்படியானால் பாரா வீரர்களிடமும் `சீக்கிரம் போய்ப் படு' என்று சொன்னால் போதாதா? போதாது.

கழுத்தில் அறுந்த இணைப்பு

இருட்டியதும் நம் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி, மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். `ராத்திரி ஆயிடுச்சு' என்று உடம்புக்குச் சொல்வது இதுதான். வேடிக்கை என்னவென்றால், மூளைக்குள்ளேயே இருக்கும் இந்தச் சுரப்பிக்கு மூளையின் கட்டளை நேராகப் போவதில்லை. கழுத்துத் தண்டுவடம் வழியாகக் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறித்தான் போகிறது. கழுத்தில் தண்டுவடம் முழுமையாகத் துண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பாதை அடைபட்டுவிடும். இரவு வந்தாலும் மெலடோனின் சுரக்காது.

இவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் `ஸ்லீப் ஆப்னியா' பிரச்னையும் உண்டு. படுக்கைப் புண் வராமலிருக்கத் திரும்பிப் படுக்க வேண்டும். சிறுநீர் வெளியேற்றவும் எழ வேண்டியிருக்கும்.

24 நாளில் இரவு பகலாகும்

டி-11 பிரிவு ஓட்டத்தில், கயிற்றால் கைகோத்தபடி வழிகாட்டியுடன் ஓடும் பார்வையற்ற வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். மனித உடலின் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடும். கண்ணில் படும் வெளிச்சம்தான் தினமும் அதைத் திருத்துகிறது. வெளிச்சமே தெரியாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் திருத்தம் நடப்பதில்லை.

தினமும் அரை மணி நேரம் தள்ளிப்போனால்கூட, 24 நாள்களில் 12 மணி நேரம் தள்ளிவிடும். போட்டி நடக்கும் பகல், அந்த வீரரின் உடம்புக்கு நடுராத்திரியாக இருக்கும்!

இல்லாத காலில் வலி

கால் அகற்றப்பட்டவர்களில் பலருக்கு, இல்லாத அந்தக் காலிலேயே வலி தெரியும். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனால், கட்டைவிரல் வலிக்கும். ஊரே அடங்கிய இரவில் இந்த வலி தூங்க விடாது.

என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. பார்வையற்றவர்களுக்கு, மெலடோனின் மாத்திரையைக் குறிப்பிட்ட நேரத்தில் கொடுத்து உடல் கடிகாரத்தைச் சரிசெய்ய மருத்துவர்கள் முயல்கிறார்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் மெலடோனின் இல்லை. ஆனாலும், கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால், அதற்கான பரிசோதனையும் இரவில் அணியும் மாஸ்க் கருவியும் உண்டு. இரவில் விட்ட தூக்கத்தை மதியக் குட்டித் தூக்கம் ஓரளவு ஈடுகட்டும்.

இதற்கெல்லாம் முன்னால், பயிற்சியாளர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: `நேத்து ராத்திரி எப்படித் தூங்கினே?'

இது பாராலிம்பிக் வீரர்களுக்கு மட்டுமல்ல. பார்வையற்ற பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால், தண்டுவடம் அடிபட்ட அண்ணன் காலையில் எழ முடியாமல் தவித்தால், `சோம்பேறி' என்று திட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். அவர்களின் உடம்புக்கு இன்னும் விடியாமலே இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பகல் மட்டுமல்ல, இரவைப் பற்றியும் சொல்லுங்கள்.