சொல்ல ஓர் இடம், கேட்க நாலு பேர்

1970-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வெஸ்லி ஏவரி என்ற 33 வயது இளைஞர் மாரடைப்பால் இறந்துபோனார். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. கணவன், மனைவி இருவரும் நன்கு படித்தவர்கள். ஆனாலும் அந்த நோய் ஆளையே கொண்டுபோய்விடும் என்று அவர்களுக்கு விளங்கும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு குழந்தைகளோடு தனித்து நின்ற மனைவியின் பெயர் பில்லி ஏவரி. பட்டப்படிப்பு கற்றுத் தராத ஒன்றைத் தேடி அவர் புறப்பட்டார்: சொந்த உடம்பைப் பற்றியும் மனசைப் பற்றியுமான அறிவு.

1974-இல் கெய்ன்ஸ்வில் நகரில் தோழிகளோடு சேர்ந்து பெண்களுக்கான மருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கினார். 1978-இல் பிரசவ இல்லம் ஒன்றும் உருவானது. வருகிறவர்களிடம் பேசப் பேச அவருக்கு ஒன்று தெளிவானது. கறுப்பினப் பெண்கள் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்து கேட்கிறார்கள். அடி உதையையும், சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமையையும், ராத்திரியெல்லாம் தூக்கம் வராததையும் வாய் திறந்து சொல்வதில்லை. அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது, தேவாலயத்துக்குத் தெரியக் கூடாது, வெள்ளையர்களுக்குத் தெரியவே கூடாது.

1983 ஜூன் மாதம் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் குறித்த முதல் தேசிய மாநாட்டை ஏவரி கூட்டினார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டார்கள். வயலில் கூலி வேலை செய்தவர்களும் பேராசிரியர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கறுப்பாகவும் பெண்ணாகவும் வாழ்வதன் நிஜம் என்ன என்ற கேள்வியை வைத்து லில்லி ஆலன் நடத்திய அமர்வில் அந்த மௌனம் உடைந்தது. ஒருவர் பேச, அடுத்தவர் அழ, அதற்கடுத்தவர் எழுந்து தன் கதையைச் சொன்னார். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைத்திருந்தவர்கள், சுற்றிலும் இத்தனை பேர் இருப்பதைக் கண்டார்கள்.

அந்த மாநாட்டிலிருந்து பிறந்ததுதான் தேசியக் கறுப்பினப் பெண்கள் நலத் திட்டம். இன்று அதன் பெயர் பிளாக் விமன்ஸ் ஹெல்த் இம்பரேட்டிவ். அதன் உயிர்நாடி தன்னுதவிக் குழுக்கள்: வீட்டுக் கூடத்திலோ தேவாலய அறையிலோ பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, குறுக்கிடாமல் ஒருவர் பேச்சை மற்றவர்கள் கேட்பது. கறுப்பினப் பெண்களின் நலவாழ்வுக் குழுக்களாக இன்று அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கும் பலவற்றுக்கும் முன்னோடி அந்த வட்டங்களே.

பலசாலி என்ற பட்டம்

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லலாமே என்று கேட்கத் தோன்றும். போகாததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒருவகை மனநோய் என்று எழுதினார். 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். தடுக்கும் வழியாக அவர் சொன்னவற்றில் சவுக்கடியும் உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்து தராமலே திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை செய்து பார்த்தார். நவீன பெண்நோய் மருத்துவத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்டவர் அவர். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவரது சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது. டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்த கொடுமையும் உண்டு. இதையெல்லாம் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பெண், வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் மனதைத் திறக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

இன்னொரு பூட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கறுப்பினப் பெண் என்றால் எதையும் தாங்குவாள் என்ற பெயர். வடக்கு கரோலினாவைச் சேர்ந்த செவிலியர் துறை ஆய்வாளர் செரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே, பெண்களைக் கூட்டிவைத்துப் பேசி, இந்த மனப்போக்கை 2010-இல் ஐந்து கூறுகளாக வகுத்தார். எப்போதும் தைரியமாகத் தெரிய வேண்டும். உணர்ச்சியை வெளிக்காட்டக் கூடாது. பிறரைச் சார்ந்து நிற்கக் கூடாது. கையில் வசதி இல்லாவிட்டாலும் ஜெயித்துக் காட்ட வேண்டும். தன்னைக் கவனிக்கும் முன் பிறருக்கு உதவ வேண்டும். குடும்பத்தைக் கரையேற்ற இந்தக் குணம் உதவியிருக்கிறது என்று அந்தப் பெண்களே சொன்னார்கள். அதற்கான விலையைத் தங்கள் உடம்பு கொடுத்தது என்றும் சொன்னார்கள்.

உடம்பு கொடுக்கும் விலை கற்பனையல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992 முதல் முன்வைத்துவரும் கருத்து இது: பாகுபாட்டோடு ஓயாமல் மல்லுக்கட்டுவதால் கறுப்பினப் பெண்களின் உடல் சீக்கிரமே தேய்கிறது. அமெரிக்காவில் வயதுவந்த கறுப்பினப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. மனச்சோர்வும் அவர்களிடம் பல நேரம் கண்ணீராக வெளிப்படுவதில்லை. எரிச்சலாக, தூக்கமின்மையாக, தன்னைத்தானே குறை சொல்வதாக வருகிறது. கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு 'சோகமாக இருக்கிறீர்களா' என்று மட்டும் கேட்கும் மருத்துவரின் கண்ணில் அது படாமலே போகலாம்.

தன்னைப் பார்த்துக்கொள்வதும் போராட்டம்தான்

தன்னைக் கவனித்துக்கொள்வது என்றாலே வாசனை மெழுகுவர்த்தியும் முகப்பூச்சும் என்று இன்று கடைகள் விற்கின்றன. இந்தப் பெண்கள் அந்தச் சொல்லில் கண்ட பொருள் வேறு. கவிஞர் ஆட்ரி லார்ட், புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய நிலையில் எழுதிய குறிப்புகள் 1988-இல் நூலாயின. தன் போன்றவர்கள் பிழைத்திருப்பதை விரும்பாத சமூகத்தில், தன்னைக் காத்துக்கொள்வது சொகுசு ஆகாது, அது அரசியல் என்ற கருத்தை அவர் அதில் நிறுவினார். எழுத்தாளர் பெல் ஹூக்ஸ், தன் மாணவிகளுக்காக நடத்திய ஆதரவுக் குழுவின் அனுபவத்திலிருந்து 1993-இல் 'சிஸ்டர்ஸ் ஆஃப் த யாம்' என்ற நூலை எழுதினார்.

போராட்டத் தலைவிகளிடமே இந்தப் பழக்கம் இருந்தது. பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் யோகாசனம் செய்துவந்தவர். 1973-இல் அவர் ஆசனம் செய்யும் புகைப்படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் எரிக்கா ஹக்கின்ஸ், சிறையில் இருந்த காலத்தில் தியானத்தையும் யோகாவையும் கற்றுக்கொண்டு, பின்னாளில் பிற கைதிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

நடை, கூந்தல், உறக்கம்

இன்றைய குழுக்களில் பெரியது கேர்ள்ட்ரெக். டி. மோர்கன் டிக்சன், வனெசா காரிசன் என்ற இரு தோழிகள் 2010-இல் தொடங்கினார்கள். ஜிம் கட்டணம் வேண்டாம், கருவி வேண்டாம். வீட்டு வாசலில் இறங்கி தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதும். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட வேண்டும். அவர்களுடைய ஆதர்சம் ஹேரியட் டப்மன். 1849-இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி, மறுபடி மறுபடி திரும்பிப் போய் சுமார் 70 பேரை விடுவித்து அழைத்து வந்தவர். அவர் நடந்த நிலப்பகுதியில் 2018-இல் கேர்ள்ட்ரெக் பெண்கள் 100 மைல் நடந்தார்கள். பத்து லட்சம் பெண்களைச் சேர்ப்பது என்ற இலக்கை 2020-இல் எட்டினார்கள். உடல் எடையைப் பற்றி அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. நடக்கும்போது பேச்சு தானாக வருகிறது. எதிரெதிரே உட்கார்ந்து சொல்லத் தயங்கியதை, பக்கத்தில் நடந்தபடி சொல்ல முடிகிறது.

கறுப்பினப் பெண்களின் பியூட்டி பார்லருக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. கூந்தல் பின்ன ஒருவர் கையில் தலையைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச அதைவிடத் தோதான இடம் ஏது? பார்லர் நடத்துகிறவரும் கறுப்பினப் பெண்ணே, வருகிறவர்களும் கறுப்பினப் பெண்களே. வெள்ளை முதலாளியிடம் வேலை போய்விடும் என்ற பயம் அங்கே கிடையாது. 1957-இல் தெற்கு கரோலினாவின் ஜான்ஸ் தீவில், வாக்குரிமைக்காக எழுத்தறிவு கற்பித்த முதல் குடியுரிமைப் பள்ளியின் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் சிகையலங்காரத் தொழில் செய்தவர். பார்லர் மீது பெண்களுக்கு உள்ள அந்த நம்பிக்கையை உளவியலாளர் அஃபியா ம்பிலிஷாகா இப்போது மனநலத்துக்குப் பயன்படுத்துகிறார். வாடிக்கையாளரின் பேச்சில் மனச்சோர்வின் அறிகுறியை இனம் காணவும், பொறுமையாகக் கேட்கவும், தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்பவும் சிகையலங்காரக் கலைஞர்களுக்குப் பயிற்சி தருகிறார்.

ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்செலா நீல்-பார்னெட், பதற்ற நோய்க்குச் சகோதரி வட்டங்களையே சிகிச்சை முறையாக வடிவமைத்தார். மனதில் சுழலும் எதிர்மறை எண்ணத்தைப் பெண்கள் அடையாளம் கண்டு, அதை மாற்றிப் போடும் வரிகளைத் தாங்களே எழுதிச் சொந்தப் பாட்டாக்கிக்கொள்வது அவர் கையாளும் முறைகளில் ஒன்று. பதற்றம் தலைதூக்கும்போது அந்தப் பாட்டைப் பாடிக்கொள்ளலாம்.

அட்லாண்டாவில் டிரிஷா ஹெர்சி 2016-இல் தொடங்கிய 'நாப் மினிஸ்ட்ரி' ஊரைக் கூட்டித் தூங்க வைத்தது. பாய், தலையணை விரித்து, பொது இடத்தில் பலரும் சேர்ந்து ஓய்வெடுக்கும் நிகழ்ச்சி. அவருடைய பாட்டி மிசிசிப்பியின் இனவெறிக்குத் தப்பி வந்தவர். எத்தனை வேலை இருந்தாலும் தினமும் சிறிது நேரம் கண்மூடி உட்காருவாராம். முன்னோர் ஊதியமில்லாமல் உழைத்துச் செத்த நாட்டில், ஓய்வு தன் உரிமை என்கிறார் ஹெர்சி.

அறைக்குள் ஓர் ஆலோசகர்

தோழிகளின் வட்டம் பலருக்குப் போதும். சிலருக்குத் தேர்ந்த மருத்துவம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ ஐந்து சதவீதமே. மக்கள்தொகையிலோ அவர்கள் 13 சதவீதத்துக்கு மேல். அலுவலகத்தில் தன் தலைமுடியைப் பற்றி வந்த ஏளனம் ஏன் உள்ளே தைத்தது என்பதை வேற்றின ஆலோசகருக்கு, காசும் கொடுத்து, முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

அட்லாண்டாவின் உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014-இல் தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது இதனால்தான். தங்கள் ஊரில் எந்த ஆலோசகரிடம் போகலாம் என்று பெண்கள் தேடிக்கொள்ள ஒரு பட்டியலை உருவாக்கினார். 2017 முதல் அவர் நடத்தும் பாட்காஸ்ட், தெரபி என்றால் பைத்தியத்துக்கு என்ற கூச்சத்தைப் போக்கப் பெரிதும் உதவியது. கட்டணச் சுமைக்கு லவ்லேண்ட் அறக்கட்டளை கைகொடுக்கிறது. ரேச்சல் கார்கில் 2018-இல் தன் பிறந்தநாளை ஒட்டி நிதி திரட்டியதில் பிறந்த அமைப்பு அது. விண்ணப்பிக்கும் கறுப்பினப் பெண்களுக்கு ஆலோசனைக் கட்டணத்துக்கான உதவியை அது தருகிறது.

நிறுவனங்களும் நகர்ந்திருக்கின்றன. கறுப்பினப் பெண்கள் படிக்கும் ஸ்பெல்மன் கல்லூரி 2012-இல் கல்லூரிகளுக்கிடையேயான விளையாட்டுப் போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தது. சுமார் 80 வீராங்கனைகளுக்காக ஆண்டுக்குச் செலவான ஏறக்குறைய பத்து லட்சம் டாலரை, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவிகள் அனைவரின் நலவாழ்வுக்கும் திருப்பிவிட்டார் அன்றைய தலைவர் பெவர்லி டேனியல் டேட்டம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலத்தைக் காரணம் காட்டி ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் பல போட்டிகளிலிருந்து விலகியபோது, 'தாங்கித்தான் ஆக வேண்டும்' என்ற பழைய கட்டளையை உலகமே பார்க்க ஒரு கறுப்பினப் பெண் மறுத்தார். 2024-இல் பாரிஸ் போய் மூன்று தங்கம் வென்றார்.

வட்டத்துக்கு வெளியே

ஆனால் எவ்வளவு நடந்தாலும், எவ்வளவு பேசினாலும், ஆஸ்பத்திரி மாறாவிட்டால் உயிர் போகிறது. 2023-இல் அமெரிக்காவில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 50.3 கறுப்பினத் தாய்மார் இறந்தார்கள், வெள்ளையினத்தவரில் 14.5. படிப்பும் பணமும் இந்த இடைவெளியை மூடவில்லை. சுகாதார ஏற்றத்தாழ்வைப் பற்றியே அரசு நிறுவனத்தில் ஆராய்ந்துவந்த ஷலோன் இர்விங், 2017-இல் 36 வயதில், குழந்தை பெற்ற மூன்று வாரத்தில் ரத்தக் கொதிப்பின் விளைவால் இறந்தார். திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போயும் காப்பாற்றப்படவில்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸே, பிரசவத்துக்குப் பின் நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று தான் சொன்னதை ஏற்கவைக்க வற்புறுத்த வேண்டியிருந்தது.

அதனால் வட்டத்தில் பேசியவர்கள் சட்டமன்றப் படியும் ஏறினார்கள். பிளாக் மாமாஸ் மேட்டர் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 2018 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 11 தொடங்கி 17 வரை கறுப்பினத் தாய்மார் நல வாரம் நடத்துகிறது. இர்விங்கின் கல்லூரித் தோழியும் செவிலியருமான லாரன் அண்டர்வுட், நாடாளுமன்ற உறுப்பினராகி, ஆல்மா ஆடம்ஸுடன் சேர்ந்து 2020-இல் 'மாம்னிபஸ்' என்ற மசோதாத் தொகுப்பைக் கொண்டுவந்தார். பிரசவத்துக்குப் பிந்தைய மனநலச் சிகிச்சைக்கும், உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளுக்கும், கறுப்பினச் செவிலியர், ஆலோசகர் பயிற்சிக்கும் அரசுப் பணம் ஒதுக்கும் திட்டங்கள் அதில் உள்ளன. அதில் ஒரு பகுதி, முன்னாள் படைவீராங்கனைகளின் மகப்பேறு குறித்தது, 2021 நவம்பரில் சட்டமானது. தொகுப்பை 2021-இலும், மீதியை 2023-இலும் அவர்கள் மறுபடி அவையில் வைத்தார்கள்.