செஞ்சி வெயிலும் மண் தொட்டியும்

செஞ்சியின் ராஜகிரியில் ஏறி இறங்கியவர்களுக்கு அவ்வூர் வெயிலின் உக்கிரத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பகலெல்லாம் காய்ந்த கற்பாறைகள் இரவிலும் அனல் வீசும். இத்தகைய ஊரில் முற்றத்து மண் தொட்டிகளில் செடி வளர்க்க விரும்புவோர், பூவின் அழகைக் காண்பதற்கு முன் செடியின் குணத்தை அறிதல் அவசியம்.

சுட்ட மண்ணின் நுண்ணிய துவாரங்கள் வழியே ஜலம் கசிந்து ஆவியாகிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனாலேயே. ஆகவே வேருக்குக் குளிர்ச்சியும் காற்றும் கிடைக்கின்றன. ஆனால் மண் சீக்கிரம் உலர்ந்துவிடும். எனவே வறட்சி தாங்கும் செடிகளே இதற்கு உகந்தவை.

அவற்றுள் நித்தியகல்யாணிக்கு முதலிடம் தரலாம். மடகாஸ்கர் தீவைப் பூர்விகமாகக் கொண்ட இச்செடியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள்; எனினும் செடி நஞ்சுடையது, குழந்தைகள் வாயில் வைக்கலாகாது. காகிதப் பூச்செடிக்கு ஜலம் மிகுந்தால் இலையே பெருகும். மண்ணைச் சற்று உலரவிட்டு வார்த்தால் பூத்துக் குலுங்கும். பத்துமணிப் பூவும் கற்றாழையும் அகன்ற வாய்த் தொட்டியில் செழிக்கும். மல்லிகையும் துளசியும் வெயிலை விரும்புவனவே. ஆயினும் கோடையில் தினந்தோறும் ஜலம் வேண்டும். வெற்றிலைக் கொடி நிழலுக்குரியது; இவ்வெயிலில் கருகிவிடும்.

புதுத் தொட்டியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அடித் துவாரத்தின்மேல் ஓட்டுச் சில்லை வைத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புக. விடியற்காலையில் ஜலம் வார்ப்பதே உத்தமம்.

2025-ஆம் வருஷத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்த இக்கோட்டையின் கல்யாண மஹாலுக்கு ஜலம் கொண்டு சென்றவை சுட்ட மண் குழாய்களே. அந்தக் கைத்திறன் இன்னும் நம் குயவர்களிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியை விடுத்து அவர்களிடம் வாங்குவோமாயின், செடியும் தழைக்கும். சக்கரமும் நில்லாது சுழலும்.