இரவு இரண்டு மணிச் சோறு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். நைட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சாண்ட்ரோ கார் வெளிவந்தது. அதன் பிறகு நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு நள்ளிரவு என்பது கேன்டீனில் சோறும் சாம்பாரும் சாப்பிடும் நேரம்.

அந்தச் சோற்றில் ஒரு புதிர் இருக்கிறது. அதே அளவுச் சோற்றை அதே ஆள் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறைவு. இரவில் சாப்பிட்டால் அதிகம். அமெரிக்காவின் பாஸ்டனில் 14 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உடலின் கணக்குப்படி மாலை நேரத்தில் சாப்பிட்டபோது, காலையைவிடச் சர்க்கரை 17 சதவீதம் கூடுதலாக ஏறியது. உணவில் எந்த மாற்றமும் இல்லை.

காரணம், உடம்புக்குள் ஓடும் கடிகாரம். மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இதுதான் தலைமைக் கடிகாரம். கல்லீரல், கணையம், தசை ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாட்டு வேளையையும் பார்த்து ஓடுபவை. இந்தக் கடிகாரங்களை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இருட்டியதும் மூளை மெலடோனினைச் சுரக்கிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் இந்தப் பொருளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கணையத்தின் பீட்டா செல்களிலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டி, இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. தூங்கும் உடம்புக்கு அது சரியான ஏற்பாடு. ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தட்டுச் சோறு உள்ளே போனால், கடை அடைத்துவிட்டு உள்ளே படுத்திருக்கும் கடைக்காரரைத் தட்டி எழுப்பிச் சாமான் கேட்கிற கதைதான்.

இதைவிட வியப்பானது 2021 டிசம்பரில் வெளியான ஆய்வு. ஆரோக்கியமான 19 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, நைட் ஷிஃப்ட் போலவே இரவில் விழிக்கச் செய்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. சாப்பாட்டைப் பகலில் மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு, அவர்களும் இரவெல்லாம் விழித்திருந்தும், கூடவில்லை. கெடுதல் முழுவதும் கண் விழிப்பதில் இல்லை, கணிசமான பங்கு சாப்பிடும் நேரத்தில் இருக்கிறது என்று இது காட்டுகிறது.

சிறிய ஆய்வுதான். எட்டு மணி நேரம் பிரஸ் மெஷின் முன் நிற்பவரிடம் பட்டினி கிட என்று சொல்லவும் முடியாது. ஆனாலும் முழுச் சாப்பாட்டை பஸ் ஏறும் முன்பே முடித்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் சுண்டல், அவித்த முட்டை, மோர் என்று நிறுத்திக்கொள்வது நியாயமான முடிவு. சர்க்கரை போட்ட டீயை மூன்று முறை குடிப்பதை விடுவது அதைவிட எளிது. கேன்டீன் மெனு போடுகிறவர்களும் இதை யோசிக்கலாம். இரண்டு மணிக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும் என்றால் தொழிலாளி வேறென்ன செய்வார்?

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. வாசலில் நிற்பவர் திரும்பி வரலாம். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு அப்படிப்பட்ட 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது; நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்து கற்பிக்கப்பட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு வந்தது.

ஷிஃப்ட் தொழிலாளிக்கு நோயை அடையாளம் காண்பதிலேயே சிக்கல் இருக்கிறது. அசதி, தாகம், எரிச்சல் எல்லாவற்றுக்கும் "நைட் டியூட்டி சார்" என்ற பதில் தயாராக இருக்கும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. நான்கு மணிக்கு டீ குடித்துவிட்டு ஷிஃப்ட் முடிந்ததும் லேபுக்குப் போனால் முடிவு பயன்படாது. இவர்களுக்கு எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனை வசதியானது. சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும், எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதைப் பெண் தொழிலாளர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நோய் உள்ளவருக்கு இரண்டு எச்சரிக்கைகள். சேஃப்டி ஷூவின் இரும்பு முனைக்குள் வியர்த்து ஊறும் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தது கூடத் தெரியாது. அதனால் ஷூவைக் கழற்றியதும் விரலிடுக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். இன்னொன்று, கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கி, மெஷின் முன்னாலேயே தடுமாறலாம். அவர் சட்டைப்பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

ஆகவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவே சாப்பாட்டு நேரத்தை மாற்றிவிட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு உங்கள் ஷிஃப்ட் அட்டவணையையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.