விலைவாசியும் கூலியும்

மும்பை மாநகரில் தாராவிக்கும் செம்பூருக்கும் இடையே, ஹார்பர் ரயில் மார்க்கத்தில் அமைந்துள்ளது சுனாபட்டி. சுண்ணாம்புச் சூளை என்பது இப்பெயரின் பொருள். இவ்வட்டாரத்தின் பெரிய தொழிற்சாலையாக விளங்கிய சுதேசி மில் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மாதச் சம்பளம் தந்த ஆலைகள் நகரமெங்கும் மறைந்தபின், நாட்கூலியும் சில்லறை வியாபாரமும் வீட்டு வேலையுமே ஏழைக் குடும்பங்களின் ஜீவனமாயின. இத்தகைய குடும்பங்களின் அடுப்பைப் பொருளாதாரக் குலைவு எவ்வாறு தாக்குகிறது என்பதற்கு 2020ஆம் ஆண்டு ஓர் உதாரணமாகும்.

அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே நகர ரயில்கள் நின்றுவிட்டன. தாராவியின் தோல் பட்டறைகளும் தையற்கூடங்களும் மூடப்பட்டன. விடியற்காலையில் இட்லி அவித்துத் தூக்குக்கூடைகளில் நகரெங்கும் கொண்டுசென்று விற்கும் தமிழர்களின் தொழிலும் நின்றது. மே மாதத்தில் வாஷி மொத்தச் சந்தையே ஒரு வார காலம் அடைக்கப்பட்டது. ஆகவே வருமானமும் பண்டங்களின் வரத்தும் ஒரே காலத்தில் தடைப்பட்டன எனலாம்.

விலை ஏறினால் மக்கள் வருந்துவர் என்பது எவரும் அறிந்ததே. ஆயின் துன்பத்தின் பெரும்பகுதி விலையினின்று வருகிறதா, கூலியினின்று வருகிறதா? ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். குடும்பம் ஒன்றின் வருமானம் 100 ரூபாய் என்றும், அதில் 50 ரூபாய் உணவுக்குச் செலவாகிறது என்றும் கொள்வோம். உணவின் விலை பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால் 55 ரூபாய் வேண்டும். வேறு செலவைச் சற்றுச் சுருக்கிச் சமாளிக்கலாம். விலை சிறிதும் ஏறாமல் வருமானம் பாதியாகக் குறைந்தாலோ, பழைய உணவை வாங்கவே 50 ரூபாயும் தீர்ந்துவிடும். வாடகைக்கும் மருந்துக்கும் ஒரு காசும் மிஞ்சாது. வருமானம் குறையக் குறைய, உணவுக்குச் செல்லும் விகிதாசாரம் கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் ஜெர்மானியப் புள்ளிவிவர நிபுணர் 1857ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார்.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட ஏறத்தாழ 24 சதவிகிதம் வீழ்ந்தது. அக்டோபரில் சில்லறை உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிடச் சுமார் 11 சதவிகிதம் உயர்ந்திருந்தன. வெங்காயத்தின் விலையேற்றத்தைத் தடுக்கச் செப்டம்பரிலேயே அதன் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. நமக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதியாவதால், உலகச் சந்தையின் ஏற்றமும் நம் வாணலியைத் தாக்கிற்று.

இங்கே ஒரு விசித்திரத்தையும் குறிப்பிட வேண்டும். கடைதோறும் சென்று விலைகளைக் குறித்து வரும் அலுவலர்கள் ஊரடங்கினால் வெளியே செல்ல இயலவில்லை. ஏப்ரல், மே மாதங்களின் குறியீட்டெண்ணை மதிப்பீடுகளைக் கொண்டே நிரப்ப வேண்டியதாயிற்று. ஜுரம் ஏறிய வேளையில் உஷ்ணமானி கைக்கு எட்டவில்லை. மேலும், அக்காலத்தில் 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டிருந்த இக்குறியீட்டெண், நகரவாசியின் செலவில் உணவுக்கும் பானங்களுக்கும் சுமார் 36 சதவிகிதமே ஒதுக்கியிருந்தது. அது எல்லா நகரத்தாருக்கும் பொதுவான சராசரி. கூலியில் பெரும்பகுதியை அரிசிக்கும் பருப்புக்கும் தருபவர் அச்சராசரியில் தம்மைக் காண மாட்டார்.

நாட்டில் தானியப் பஞ்சம் இருந்ததா எனில், இல்லை. 2019-20இல் உணவு தானிய விளைச்சல் ஏறத்தாழ 29.7 கோடி டன். களஞ்சியங்கள் நிறைந்திருந்தன. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பேராசிரியர் அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில், தானியம் இருப்பது வேறு, அதைப் பெறும் வல்லமை இருப்பது வேறு என்று நிறுவியதை இங்கு நினைவுகூரலாம்.

அவ்வல்லமையை ஓரளவு அளிப்பது ரேஷன் அட்டை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றதும், 1943 மே மாதத்தில் பம்பாயில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் அட்டையே சிக்கலாயிற்று. 2020 ஏப்ரல் முதல் நபருக்கு மாதம் 5 கிலோ தானியமும், குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பும் இலவசமாக அளிக்கப்பட்டன. ஆயினும் அட்டையைத் திருநெல்வேலியில் வைத்துவிட்டுத் தாராவியில் உழைத்தவர் அதைக் காட்டி மும்பையில் தானியம் பெற வழியில்லை; எங்கும் செல்லும் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு அக்டோபரில்தான் சேர்ந்தது. அட்டை இல்லாத இடம்பெயர்ந்த தொழிலாளருக்கு இரண்டு மாதத் தானியம் தரும் ஏற்பாடு மே மாத நடுவில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஊரடங்கு ஏழு வாரங்களைக் கடந்திருந்தது.

தானியம் கிடைத்த வீடுகளிலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. பணம் குறையும்போது குடும்பம் முதலில் அரிசியைக் குறைப்பதில்லை. முட்டை, பால், காய்கறி, பருப்பு என்ற வரிசையில் ஒவ்வொன்றாக விடுகிறது. வயிறு நிரம்புவதால் இக்குறை வெளியே தெரிவதில்லை. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும் நம் வழக்கத்தின் பயன் இதுவே. பருப்பு குறைந்தால் வளரும் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் நஷ்டம் அதிகம். இலவசப் பருப்பு 2020 நவம்பருடன் நின்றது. நகர ரயில்களோ பொதுமக்களுக்கு 2021 பிப்ரவரி முதல் தேதிதான், அதுவும் குறித்த நேரங்களில் மட்டுமே, திறந்துவிடப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் சுனாபட்டியில் தானியம் பெற்ற வீடும், பருப்புக்குரிய காசைக் குறைந்த கூலியிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.