தண்ணீர் குறைகிறது, ஒழுக்கு எங்கே?

சரக்கேற்றும் வேன் ஒரு நாள் நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றுவிடும். ஆகவே ரேடியேட்டர் தண்ணீர் குறைவதை அற்பமாக எண்ணாதீர்கள். அது மூடிய குழாய்களுக்குள் சுற்றுவது. எங்காவது வெளியேறாமல் வாராவாரம் குறையாது.

நிலத்தில் ஒரு சொட்டும் இல்லையென்றால், "ஹெட் கெஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்றுவோம்" என்று கராஜில் சொல்வார்கள். எனது வேனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள் என்றேன். வோட்டர் பம்பின் சிறு துவாரத்தில் கசிவு தெரிந்தது. ஓடும்போது கசிந்து, என்ஜின் சூட்டில் அங்கேயே காய்ந்து, வெண்கறை மட்டும் படிந்திருந்தது.

செலவு குறைந்ததிலிருந்து பாருங்கள். முதலில் ரேடியேட்டர் மூடி. அதன் இறப்பரோ ஸ்பிரிங்கோ பழுதானால் அமுக்கம் நிற்காது; தண்ணீர் வெளியேறிவிடும். அடுத்து ஹோஸ், கிளிப், பம்ப். என்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை, ஒயிலில் பால் நிறம், ரிசேர்வ் டாங்கியில் ஓயாத குமிழி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் கெஸ்கட்டைச் சந்தேகியுங்கள். அதன் பிறகு வேனை ஓட்ட வேண்டாம்.

சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டாங்கியின் அளவைக் குறித்து வாருங்கள். கடைக்கணக்குப் போல அந்தக் கணக்கும் கையில் இருந்தால், தேவையற்ற வேலைக்குப் பணம் கொடுக்க நேராது.